ஒருவர் ஸ்லொட் மெஷின் (காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரம்) கொண்டுவந்து வைத்து, வருமானத்தில் பாதி தருவதாகச் சொல்கிறார். ஹட்டன் டவுனில் கடைக்குள் அதை வைக்கலாமா? வியாபாரப் பதிவு இருந்தால் போதுமா?

போதாது. பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பதிவோ நகர சபை அனுமதிப்பத்திரமோ சூதாட்டத்துக்கான உரிமம் ஆகாது. பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் பணயம் வைத்து ஆடுவதை 1889 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க சூதாட்டக் கட்டளைச்சட்டமே குற்றமாக்கியிருந்தது. கசினோக்களுக்கு 2010 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இரண்டுக்கும் பதிலாகக் கொண்டுவரப்பட்டதுதான் 2025 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம். மூன்றுக்கும் ஒரே இலக்கம் என்பதால் சட்டத்தரணியிடம் கேட்கும்போது வருடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2022 ஒழுங்குவிதிகளின்படி ஐந்து வருடக் கசினோ உரிமத்துக்கு 500 மில்லியன் ரூபாயாக இருந்தது. சில்லறைக் கடைக்கு இதில் இடமே இல்லை.

“இது கேம் மெஷின், சூது இல்லை” என்று மெஷினைக் கொண்டுவருபவர் சொல்வார். போட்ட காசுக்குப் பணமோ, பணமாக மாற்றக்கூடிய டோக்கனோ கிடைத்து, வெற்றியை அதிர்ஷ்டம் தீர்மானித்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

சட்டத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒரு மெஷின் மணிக்கு எவ்வளவு விழுங்கும் என்பது மூன்றைப் பொறுத்தது: ஒரு ஆட்டத்தின் பணயம், ஆட்ட வேகம், திருப்பிக் கொடுக்கும் வீதம் (பணயமாகப் போன மொத்தப் பணத்தில் ஆடுபவர்களுக்குத் திரும்பும் பங்கு). 20 ரூபாய் பணயம், 3 செக்கனுக்கு ஓர் ஆட்டம் என்றால் மணிக்கு 1,200 ஆட்டம், 24,000 ரூபாய் சுழல்கிறது. 87% திருப்பிக் கொடுத்தாலும் சராசரியாக 3,120 ரூபாய் போய்விடும். 2024 இல் நிர்ணயித்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய்!

இந்த மூன்றையும்தான் மற்ற நாடுகள் பிடித்து வைக்கின்றன. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் குறைந்தபட்சத் திருப்பல் 87%. அங்கே புதிய மெஷின்களுக்கு 2.14 செக்கனாக இருந்த வேகத்தை 3 செக்கனாக மெதுவாக்குகிறார்கள். பிரித்தானியா 2019 ஏப்ரலில் பந்தயக் கடை மெஷின்களின் உச்சப் பணயத்தை 100 பவுணிலிருந்து 2 பவுணுக்கு இறக்கியது. நோர்வே 2007 இல் தனியார் மெஷின்களை மொத்தமாகவே அகற்றிவிட்டது. எண்ணை விதித்ததோடு விடுவதுமில்லை: மென்பொருளை ஆய்வுகூடம் பரிசோதிக்கும், மெஷினை இயக்கும் சர்க்யூட் போர்ட்டுக்கு முத்திரை வைப்பார்கள், உள்ளே போன காசையும் வெளியே வந்த காசையும் மீட்டர் பதியும், மத்திய கணினி அதைக் கண்காணிக்கும்.

உங்களிடம் வருவதில் இவை எதுவும் இருக்காது. மலிவான போர்ட்டுகளில் திருப்பல் வீதத்தை ஒரு சின்ன சுவிட்சாலோ செட்டிங்ஸ் பக்கத்தாலோ மாற்றலாம். 70% என்று வைத்தால் அதே ஒரு மணிக்கு 7,200 ரூபாய் இழப்பு. வெளியில் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மெஷின் கதவின் சாவி கொண்டுவந்தவரிடம் இருக்கும்வரை உங்கள் ‘பாதி’ எவ்வளவு என்பதும் அவர் சொன்னதுதான். “நேற்று முழுக்க விழவில்லை, இன்றைக்கு விழும்” என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. ஒழுங்காகச் செய்த மெஷினில் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதற்குத் தொடர்பில்லாதது.

ஏற்கெனவே இறக்கிவிட்டார் என்றால் பிளக் போடாதீர்கள். உங்கள் கடை முகவரிக்கு எடுத்த சூதாட்ட உரிமத்தின் பிரதியைக் கேளுங்கள். தரமாட்டார். திருப்பி எடுத்துப்போகும்போது திகதியோடு எழுத்தில் ஒப்பம் வாங்கி வையுங்கள்.