2.5க்கும் 25க்கும் நடுவே பன்னிரண்டரை சென்டிமீட்டர்

ஐயா, வணக்கம்.

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா கட்டட வேலைகளில் மேற்பார்வையாளராக இருந்தவர். போன மாதம் அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது ஒரு ஸ்லைடு ரூல் கிடைத்தது, எண் வரிசைகள் அச்சிட்டு நடுவே ஒரு சட்டம் நகரும் அந்தக் காலத்துக் கணக்குக் கோல். உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு. அப்பா கையெழுத்தில், "விளக்கு உயரம் 25 மீ. 3.57 × √25 = 17.85 கி.மீ." என்று இருந்தது. நானும் ஏ வரிசையில் 25ஐப் பிடித்து, நேர் கீழே டி வரிசையில் பார்த்தேன். 1.58 வருகிறது. பெருக்கினால் 5.64தான். 25க்கு வர்க்கமூலம் 5 என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கோல் கெட்டுப்போய்விட்டதா? அடுக்கும் மூலமும் இதில் எப்படிப் போடுவது? செல்போன் இருக்க இது எதற்கு என்கிறான் மகன்.

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கோல் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் கேட்டது 25க்கு, அது சொன்னது 2.5க்கு. ஸ்லைடு ரூலுக்குத் தசமப் புள்ளி தெரியாது. 2.5, 25, 250 எல்லாம் அதற்கு ஒன்றுதான். பெருக்கல் வகுத்தலில் இதனால் தொல்லை இல்லை, புள்ளியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மூலம் எடுக்கும்போதுதான் காலை வாரும்.

தையல் பெட்டியில் இருக்கும் அங்குல நாடாவை எடுத்துக் கோலின் மேல் வையுங்கள். டி வரிசையில் 1 முதல் 10 வரை ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் இருக்கும். ஏ வரிசை அதே நீளத்துக்குள் 1 முதல் 10 வரை இரண்டு தடவை ஓடுகிறது, ஒவ்வொன்றும் பன்னிரண்டரை சென்டிமீட்டர். எண்களின் மடக்கைதான் (லாகரிதம்) இங்கே நீளமாகியிருக்கிறது. ஓர் எண்ணின் வர்க்கத்துக்கு மடக்கை இரு மடங்கு. அதனால் ஏ-யில் அளவைப் பாதியாகச் சுருக்கிவிட்டால், டி-யில் உள்ள எண்ணுக்கு நேர் மேலே அதன் வர்க்கம் வந்து நிற்கும். ஏ-யின் இடது பாதியில் 2.5 தொடக்கத்திலிருந்து 5 சென்டிமீட்டரில் இருக்கிறது, நேர் கீழே 1.58. வலது பாதியில் அதே 2.5 பதினேழரை சென்டிமீட்டரில் இருக்கிறது, நேர் கீழே 5. உங்கள் அப்பா பார்த்தது இந்த இரண்டாவது இடத்தை.

எந்தப் பாதி என்பதற்கு நாங்கள் படித்த வழி இது. புள்ளிக்கு இடப்புறம் எத்தனை இலக்கம் என்று எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் இடது பாதி, இரட்டைப்படை என்றால் வலது. ஒன்றுக்குக் கீழே போனால் புள்ளியிலிருந்து வலப்புறமாக இரண்டிரண்டாகப் பிரித்துப் பாருங்கள். 0.025இல் முதல் ஜோடி 02, அதில் ஓர் இலக்கம்தான், எனவே இடது. விடை 0.158.

கனமூலத்துக்குக் கே வரிசை. அதில் 1 முதல் 10 வரை மூன்று தடவை ஓடும். டி-யில் 2க்கு நேராக முதல் பகுதியில் 8. 80 என்றால் இரண்டாம் பகுதி, மூலம் 4.31. 800 மூன்றாம் பகுதி, 9.28. படகுக்கு 800 லிட்டர் பிடிக்கும் ஐஸ் பெட்டியைக் கனசதுரமாகச் செய்யச் சொன்னால், உள்ளளவு ஒரு பக்கம் 92.8 சென்டிமீட்டர் என்று கோலின் மேல் ஓடும் கண்ணாடியை நகர்த்தின கையோடு சொல்லிவிடலாம்.

இரண்டும் மூன்றும் தவிர்த்த அடுக்குகளுக்குப் பின்பக்கம் எல்எல் வரிசைகள் இருக்கின்றனவா பாருங்கள். 1815இல் இதை வெளியிட்ட ரோஜே ஒரு மருத்துவர். மடக்கைக்கும் மடக்கை எடுத்துக் கோட்டில் போட்ட அந்த யோசனையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. நகரும் நடுச்சட்டத்தில் உள்ள சி வரிசையின் இடது முனை 1ஐ எல்எல்3இல் உள்ள 3க்கு நேராக வையுங்கள். கண்ணாடியின் மயிரிழைக் கோட்டைச் சி-யில் 2.4க்குக் கொண்டுபோனால் எல்எல்3இல் 14க்கு ஒரு மயிரளவு முன்னால் நிற்கும். அதுதான் 3இன் 2.4ஆம் அடுக்கு. மூலத்துக்கு அதையே திருப்பிச் செய்ய வேண்டும்: சி-யின் 5ஐ எல்எல்3இன் 1000த்துக்கு நேராக வைத்தால், சி-யின் 1க்கு நேரே 3.98. ஆயிரத்தின் ஐந்தாம் மூலம். இந்த வரிசையில் 3 என்றால் 3 மட்டும்தான், 30 கிடையாது. புள்ளி அச்சிலேயே இருக்கிறது.

மகன் கேட்டதும் நியாயம்தான். 1972இல் எச்.பி.-35 கால்குலேட்டர் வந்த சில ஆண்டுகளில் ஸ்லைடு ரூல் கடைகளிலிருந்தே மறைந்துபோனது. கணக்கு வேகமாக வேண்டும் என்றால் செல்போனே போதும். ஆனால் எங்கள் வாத்தியார் ஒருவர், கோலை உறையிலிருந்து எடுக்கும் முன்பே, "தோராயமா எவ்வளவு வரும்? சொல்லிட்டு எடு" என்பார். புள்ளி தெரியாத கருவி என்பதால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதைத் தொடவே முடியாது. நீங்களும் அதைத்தானே செய்தீர்கள்? 1.58ஐப் பார்த்ததும் தப்பு என்று உங்களுக்குப் பட்டது. தட்டின உடனே திரையில் வருவதை அப்படிச் சந்தேகப்பட மகனுக்குப் பழக்கமாக வேண்டும். ஒரு மாதம் அவன் கையில் இதைக் கொடுத்துப் பாருங்கள்.

பாம்பன் ரயில் பாலத்தை வைத்தே தொடங்கலாம். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைப்பது வழக்கமாக இருந்தது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். டி-யில் வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் ஏ-யில் அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். 2.25 மடங்கு. அந்த எச்சரிக்கை எதற்கென்று பிள்ளைக்கே விளங்கும்.

உப்புக்காற்றில் நடுச்சட்டம் இறுகியிருந்தால் தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள், ஸ்பிரிட்டும் கூடாது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, பள்ளத்தில் மெழுகுவத்தியை லேசாக ஓட்டினால் போதும்.

அந்தச் சீட்டைப் பற்றி இன்னும் ஒன்று. 3.57ஐ உயரத்தின் மூலத்தால் பெருக்குவது தொடுவானத் தூரக் கணக்கு. உயரம் மீட்டரில், விடை கிலோமீட்டரில். 25 மீட்டர் உயர விளக்கிலிருந்து கடல் 17.85 கிலோமீட்டர் வரை தெரியும். நீங்கள் தவறாகப் போட்ட 5.64 யாருடைய கணக்கு தெரியுமா? தண்ணீருக்கு மேல் இரண்டரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஆளுடையது, படகில் நிற்பவருடையது. இரண்டையும் கூட்டினால் சுமார் 23.5. கரைக்குத் திரும்புகிறவருக்கு அந்த விளக்கு முதலில் கண்ணில் படும் தூரம் அது. அப்பா விளக்கு என்று எழுதியிருப்பதால் கணக்கு அங்கே நின்றிருக்காது என்று தோன்றுகிறது. சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா?