கடன் கேள்வி–பதில்: சம்பளம் நின்ற மாதத்தில் எந்தத் தவணை முதலில்?

கேள்வி: ஒன்பது வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையில் போன மாதம் ஆட்குறைப்பு செய்து அனுப்பிவிட்டார்கள். பர்சனல் லோன் தவணை 11,400 ரூபாய். கிரெடிட் கார்டில் 86,000 நிலுவை. மனைவியின் நகை அடகில் இருக்கிறது. அவர் தையலில் மாதம் 9,000 சம்பாதிக்கிறார். பி.எஃப். பணத்தை எடுத்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா?
(வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்)

பதில்: வேண்டாம். அடுத்த வேலை கிடைக்கும்வரை அந்தப் பணம்தான் உங்கள் சம்பளம். வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், கரண்ட் பில், மருந்து எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு ஆகிறது என்று கணக்கெழுதி, ஆறு மாதத்துக்கானதை முதலில் ஒதுக்குங்கள். அதை லோன் இல்லாத வேறு வங்கியில் வையுங்கள். லோன் கொடுத்த வங்கியிலேயே இருந்தால், நிலுவைக்காக அவர்கள் அந்தக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்ள முடியும்.

வேலை போனவர் பி.எஃப். இருப்பில் முக்கால் பங்கு வரை எடுக்கலாம். வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதிவு செய்யாததால்தான் பல விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் நீங்களே பி.எஃப். நிறுவனத்தின் யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) தளத்தில் ஆதார் ஓ.டி.பி. கொடுத்து அந்தத் தேதியைப் பதியலாம். பணிக்கொடையை (கிராஜுவிட்டி) மறந்துவிடாதீர்கள். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 18,000 என்றால் ஒன்பது வருடத்துக்குச் சுமார் 93,460 ரூபாய். முப்பது நாளில் தரவேண்டிய பணம் அது, எழுத்தில் கேளுங்கள்.

கடன்களில் நகைதான் முதலில், ஏனென்றால் கெடு தவறினால் பொருளே கைவிட்டுப் போகும். அடகு ரசீதில் கெடு தேதியைப் பாருங்கள். அதற்கு முன்பே போய், வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் ஒரு நகையை நீங்களே விற்று மற்றதை மீட்பது, மொத்தமும் ஏலத்துக்குப் போவதைவிட நல்லது. ஏலம் போய்விட்டாலும் கடனும் செலவும் போக மிஞ்சுவது உங்களுக்கு வரவேண்டிய பணம், கேட்டு வாங்குங்கள்.

கார்டை இன்றே நிறுத்துங்கள். ‘மினிமம் டியூ’ கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் 86,000-க்கு வட்டி 3,010. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 542. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 4,300. அதில் அசலில் கழிவது 750 ரூபாய்கூட இல்லை. நிலுவையை வட்டி குறைந்த தவணைக் கடனாக மாற்றித் தருமாறு வங்கியிடம் கேளுங்கள். ஒரு தவணைகூடத் தவறாத நிலையில் கேட்டால் அது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பர்சனல் லோனுக்கு, தவணைத் தேதிக்குப் பத்து நாள் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. லோன் எண், வேலை போன தேதி, பணிவிடுவிப்புக் கடிதத்தின் நகல், மாதம் உங்களால் கட்ட முடிகிற தொகை, எத்தனை மாதம் வரை என்பது: இவ்வளவு போதும். தவணைக் காலத்தை நீட்டுவது, சில மாதம் வட்டி மட்டும் கட்டுவது, அபராதத்தைத் தள்ளுபடி செய்வது என்று மூன்றையும் கேளுங்கள். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கொரோனாவுக்காகத் தந்த தவணை விடுப்பு இப்போது கிடையாது. வங்கி சம்மதித்தால்தான் உண்டு. தொண்ணூறு நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகும், பேரம் பேசுவது அதன்பின் கடினம். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் லோன் கொடுத்தவரும் உங்கள் வங்கியும் தனித்தனியே அபராதம் போடுவார்கள். ஒரே மாதத்தில் இரண்டு மூன்று முறை முயன்றால் ஒவ்வொரு முறையும் போடுவார்கள்.

தவணை கட்டத் தண்டல் மட்டும் வாங்காதீர்கள். 10,000 என்று எழுதிக் கையில் 8,500 தருவார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள். 1,500 ரூபாய் வட்டிதானே என்று தோன்றும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் இது 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி கந்துவட்டி, மீட்டர் வட்டி வாங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

கேள்வி: வசூல் ஏஜென்ட்டுகள் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருகிறார்கள். சித்தப்பாவுக்கும் போன் செய்கிறார்கள். ‘வாரன்ட் வரும்’ என்கிறார்கள். உண்மையா?
(வாசகி, திருப்பூர்)

பதில்: காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ வசூலுக்காக அழைக்கக்கூடாது, உறவினரையோ நண்பரையோ தொல்லை செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வருபவரிடம் அடையாள அட்டையும் நிறுவனம் தந்த அதிகாரக் கடிதமும் கேளுங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், அழைத்த எண், சொன்ன வார்த்தை ஆகியவற்றை வரிசையாக எழுதி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிப்பவர்) புகார் செய்யலாம். கட்டணமில்லை, விவரம் கேட்க 14448. அடிப்பேன், அசிங்கப்படுத்துவேன் என்று மிரட்டினால் முப்பது நாள் காத்திருக்க வேண்டாம், நேரே காவல் நிலையம் போங்கள்.

கடன் கட்ட முடியாமல் போவது தன்னளவில் குற்றமல்ல, அதற்கு வாரன்ட் வராது. செக் திரும்பினாலோ, பணமில்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினாலோ வழக்குப் போட முடியும். அதற்கு முன் நோட்டீஸ் வரும், பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. ஆகவே பதிவுத் தபாலை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தாலும் சட்டம் அதை வாங்கியதாகவே கொள்ளும். நோட்டீஸ் வந்தால் 15100-ஐ அழைத்து மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசம்.

கேள்வி: ஒரு லட்சத்துக்கு 40,000 கட்டினால் முடித்துவிடலாம் என்று ஏஜென்ட் தன் ஜிபே எண்ணைத் தந்தார். கட்டலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: அந்த எண்ணுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சலிலிருந்து, லோன் எண், தொகை, கடைசித் தேதி, ‘இதன்பின் பாக்கி இல்லை’ என்ற வாசகம் உள்ள கடிதம் வரட்டும். லோன் கணக்கில் மட்டும் கட்டுங்கள். நோ டியூ சான்றிதழும், கொடுத்து வைத்த வெற்றுச் செக்குகளும் திரும்ப வாங்குங்கள். இப்படிக் குறைத்துக் கட்டி முடித்தால், கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் ‘செட்டில்டு’ என்று பதிவாகி, அடுத்த கடனைப் பல வருடம் கடினமாக்கும். நண்பரிடம் வட்டியில்லாமல் முழுத்தொகையும் புரட்ட முடிந்தால் அதுவே மேல்.

கேள்வி: வேலை போனதிலிருந்து என் கணவர் தூங்குவதில்லை. ‘நான் இல்லாமல் இருந்தால் உங்களுக்கு நிம்மதி’ என்று நேற்றுச் சொன்னார்.
(வாசகி, சேலம்)

பதில்: சகோதரி, கடனை ஓரமாக வையுங்கள், இதுதான் இன்றைய வேலை. அவரைத் தனியே விடாதீர்கள். ‘சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்) அல்லது 104-ஐ இப்போதே அழையுங்கள், இரவிலும் தமிழில் பேசுவார்கள். ஆபத்து என்று தோன்றினால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வசூல் அழைப்பு வரும் போனை நீங்களோ அவர் அண்ணன் தம்பியோ வாங்கிக்கொண்டு, ‘எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். லோன் தாள்களை ஒரு பையில் போட்டு வையுங்கள். அவர் தூங்கி எழுந்த பிறகு, இருவருமாக உட்கார்ந்து பார்க்கலாம்.