கேளுங்கள், பேசுவோம்: ஒரு தலைவரிடம் நம்மை இழுப்பது எது?

கேள்வி: ஐயா, எங்கள் குடியிருப்பின் இளைஞர் சங்கத்துக்கு என்னைத் தலைவராகப் போட்டுவிட்டார்கள். எனக்கு முன்பு இருந்தவர் மேடையில் ஏறி வணக்கம் சொன்னாலே கூட்டம் அடங்கிவிடும். எனக்கு அப்படிப் பேச வராது. இந்த ஈர்ப்பு பிறவியிலேயே வருவதா?
– வாசகர், செந்தூல்

பதில்: தம்பி, பிறவியிலேயே கொஞ்சம் வரும், அதை மறுக்க மாட்டேன். குரல், முகவெட்டு, நாலு பேர் முன்னால் கூசாமல் நிற்கிற துணிச்சல், இவையெல்லாம் சிலருக்குச் சின்ன வயதிலேயே அமைந்துவிடுகின்றன. ஆனால் இதை ஆழமாக ஆராய்ந்த ஜெர்மானியச் சமூகவியலாளர் மேக்ஸ் வெபர் வேறொன்றை அழுத்திச் சொன்னார். ஒருவருடைய சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்படுவது பரம்பரை வழக்கத்தால் இருக்கலாம், சட்டத்தால் இருக்கலாம், அல்லது அந்த மனிதர் சாதாரண ஆள் இல்லை என்று மக்கள் நம்புவதால் இருக்கலாம். நீங்கள் கேட்பது மூன்றாவது. அது இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது பின்னால் வருகிறவர்கள்தான். இவரால் நமக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டுவிட்டால் அதை அவர்களே எடுத்துக்கொண்டும் விடுவார்கள். ஆக அது கைமாற்றாக வாங்கின பணம் மாதிரி, கையில் இருக்கும், ஆனால் நம்முடையது இல்லை.

வாங்கினதை வைத்து என்ன செய்தார் என்பதில்தான் ஒரு தலைவரை நான் எடை போடுவேன். துன் சம்பந்தனைப் பாருங்கள். 1955-இல் மலேசிய இந்தியர்களின் கட்சியான ம.இ.கா.வுக்குத் தலைவரானார். சுதந்திரத்தையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்க, வேலை போன கையோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய் நம் ஆட்கள் நடுத்தெருவில் நின்ற காலம் அது. மேடையில் கண்ணீர் விட்டுப் பேசியே அதைக் கடந்திருக்கலாம். அவர் தோட்டம் தோட்டமாகப் போய், நீங்களே காசு போட்டுத் தோட்டத்தை வாங்குங்கள் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி (அன்றைய மலாயா டாலர்), மாதம் பத்து பத்து வெள்ளியாகக் கட்டலாம். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காத சம்பளத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒரு பெண், ஒரு மனிதரின் வார்த்தையை நம்பிப் பத்து வெள்ளியை எடுத்து நீட்டினார் என்றால் அது எப்பேர்ப்பட்ட நம்பிக்கை என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பணத்தில்தான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். துன் 1979-இல் காலமாகிவிட்டார், சங்கம் இன்றும் இருக்கிறது.

உங்களிடம் தோட்டம் வாங்கச் சொல்லவில்லை. முதல் மூன்று மாதத்தில் ஒரே ஒரு சின்ன வேலையை எடுத்து முடியுங்கள், அது உடைந்து கிடக்கும் பந்து மைதான விளக்காக இருந்தாலும் சரி. உறுப்பினர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு வீட்டில் சாவு என்றால் நாற்காலி இறக்கும்போதே அங்கே இருங்கள். வரவு செலவைக் கேட்பதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். பேச்சு பிறகு வரும்.

கேள்வி: பேச்சால் கூட்டத்தை ஈர்ப்பதைப் பயிற்சியால் கற்றுக்கொள்ள முடியுமா? கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருவதாக விளம்பரங்கள் வருகின்றன.
– கல்லூரி மாணவி, கோலாலம்பூர்

பதில்: ஓரளவுக்கு முடியும். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் ஜான் அன்டோனாக்கிஸ் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். மேலாளர்களுக்குச் சில உத்திகளைச் சொல்லிக்கொடுத்தார்கள்: கதை சொல்வது, உவமை, 'இது அல்ல, அது' என்று எதிரெதிராக வைப்பது, கேள்வி கேட்டு நிறுத்துவது, மூன்று மூன்றாக அடுக்குவது, கூட்டத்தின் மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்வது, பெரிய இலக்கை வைத்து முடியும் என்று காட்டுவது, இவற்றோடு குரலும் முகமும் கையும். பயிற்சி பெற்றவர்களைக் கூட இருப்பவர்கள் முன்பைவிட உயர்வாக மதிப்பிட்டார்கள். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும், அதனால் காசைக் கொட்டும் முன் நம் நல்ல பேச்சாளர் ஒருவரின் உரையைக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கேளுங்கள். உத்தி, மனதில் இருப்பதை வெளியே கொண்டுவரத்தான் உதவும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் இரண்டாவது கூட்டத்திலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். சத்தம் போட்டால்தான் ஆட்கள் மதிப்பார்கள், பொம்பளைக்கு அது வராது என்று உடன் வேலை செய்பவர்களே சொல்கிறார்கள்.
– வாசகி, பினாங்கு

பதில்: அவர்கள் சொல்வதை விட்டுத்தள்ளுங்கள். உங்கள் தொழிற்சாலைக்கு வடக்கே ஜெலுத்தோங் இருக்கிறது. அந்தத் தொகுதி 1978 முதல் 1999 வரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய வழக்கறிஞர் கர்ப்பால் சிங்கை 'ஜெலுத்தோங் புலி' என்பார்கள். 2005-இல் கார் விபத்தில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும், 2014-இல் இறக்கும் வரை நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் அவர் இருந்தார். உடம்பு ஒடுங்கியும் மதிப்பு ஒடுங்கவில்லை. அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று எதிரிக்கும் முன்கூட்டியே தெரியும், நட்புக்காகக்கூட அதை மாற்ற மாட்டார். அதைத்தான் ஆட்கள் நம்பினார்கள்.

உங்கள் லைனுக்கும் அது பொருந்தும். ஓவர்டைம் பட்டியலை எடுங்கள். வேண்டப்பட்டவளுக்கு ஞாயிறு வேலை, மற்றவளுக்கு வெறும் கை என்று இருக்கிறதா? இரவு ஷிப்ட் மாற்றுவதில் எல்லாருக்கும் ஒரே விதியா? ஒருத்தியின் தவற்றை எல்லார் முன்னாலும் சொல்கிறீர்களா, தனியே கூப்பிட்டா? மேலதிகாரி வந்து கத்தும்போது உங்கள் ஆட்களுக்கு முன்னால் நிற்கிறீர்களா, பின்னால் ஒதுங்குகிறீர்களா? இவை சரியாக இருந்தால் நீங்கள் மெதுவாகச் சொன்னாலே போதும், காது கொடுப்பார்கள்.

கேள்வி: என் தாத்தா நேதாஜியை நேரில் பார்த்தவர். சாகும்வரை அவர் படத்தைச் சாமி அறையில் வைத்திருந்தார். அப்படி ஒரு மனிதரிடம் என்னதான் இருந்தது? இப்படிப்பட்ட தலைவர்களை முழுக்க நம்பலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உங்கள் தாத்தாவைப் போல ஆயிரமாயிரம் பேர். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கியதும் மலாயாவே திரண்டது. அவர் இந்துஸ்தானியில் பேச, தமிழில் மொழிபெயர்த்துச் சொல்ல, தோட்டத்து மக்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர் அப்போது பதினெட்டு வயதுப் பெண். காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணி படையில் சேர்ந்தார், அதன் துணைத் தலைமை வரை உயர்ந்தார். பேச்சு மட்டும் இதைச் செய்யாது. கூலி என்று கூப்பிடப்பட்டவர்களைப் பார்த்து நீ ஒரு நாட்டின் படைவீரன் என்றார், பெண்களின் கையில் துப்பாக்கி கொடுத்தார். தன்னைப் பற்றித் தானே நினைத்திராத உயரத்தில் ஒருவரை வைத்துப் பேசினால் அவர் உயிரையும் கொடுப்பார்.

அப்புறம் 1945 ஏப்ரல். ரங்கூனிலிருந்து பின்வாங்கும்போது, பெண்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் வண்டியில் முன்னால் போக மறுத்து அவர்களோடு நடந்தார். வழியில் காலணியைக் கழற்றியபோது பாதமெல்லாம் கொப்புளமாக இருந்ததைக் கூட நடந்த ஜானகி தேவரே பதிவு செய்திருக்கிறார். தோற்றுப்போன ஒரு தலைவரின் படம் பினாங்கிலும் பேராக்கிலும் இத்தனை வீடுகளில் மாட்டியிருந்ததற்கு அந்தக் கால்களும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசை அவர் அறிவித்தார். அதே மாதம்தான் சயாமையும் (தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதையை ஜப்பானியர்கள் கட்டி முடித்தார்கள். அதில் நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர் கைகோத்திருந்தது அந்த ஜப்பானியப் படையோடுதான். அவரால் அதில் என்ன செய்திருக்க முடியும் என்பது பெரிய வாதம். ஆனால் ஒருவர் மேல் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நடப்பது கண்ணில் படாமல் போகும், அது உங்கள் தாத்தாவின் தலைமுறைக்கும் நடந்தது, நமக்கும் நடக்கும். அதனால் படத்தை மாட்டுங்கள், தப்பில்லை. உயிரோடு இருக்கும் தலைவர் என்றால் மட்டும் மூன்றைப் பாருங்கள்: கணக்குக் கேட்டால் கோபப்படுகிறாரா, தனக்கு மறுப்புச் சொன்னவரைப் பக்கத்தில் வைத்திருக்கிறாரா, நம்மைக் கேட்கும் தியாகத்தைத் தன் வீட்டிலும் கேட்கிறாரா.

கேள்வி: எங்கள் கோயில் தலைவர் அபாரமான மனிதர், அவர் நின்றால் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு நன்கொடை குவியும். உடல்நலம் காரணமாக விலகினார், எல்லாம் படுத்துவிட்டது. ஏன்?
– வாசகர், தண்ணீர்மலைச் சாலை, பினாங்கு

பதில்: நன்கொடையாளர் பட்டியல் அவர் தலைக்குள் இருந்திருக்கும், அதனால்தான். ஈர்ப்பு அளவுக்கு மீறிக் குறைந்தாலும் கூடினாலும் நிர்வாகம் சரிகிறது என்று 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் சொல்கிறது. ஈர்ப்பு மிகுந்தவர்கள் பெரிய திட்டத்தில் கெட்டி, அன்றாட வேலையை ஒழுங்கு செய்வதில் பின்தங்குகிறார்கள். உடம்பு இடம் கொடுத்தால் அவரை ஒரு நாள் உட்கார வைத்து, யார் அரிசி, யார் மோர், யார் பந்தல் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த பூசத்துக்கு அந்த வீடுகளுக்கு அவரையும் ஒரு இளைஞரையும் சேர்த்து அனுப்புங்கள். முதல் வீட்டில் அவர் பேசட்டும், இரண்டாவது வீட்டில் இளைஞர் பேசட்டும்.