ஒன்ராறியோவில் கார் விபத்து: கழுத்து நோவுக்கு என்ன கிடைக்கும்?

தம்பி, நண்பரின் காரில் முன் சீட்டில் இருந்தபோது பின்னால் வந்த வாகனம் இடித்துவிட்டது, அன்று ஒன்றும் தெரியவில்லை, இரண்டு நாள் கழித்துக் கழுத்தும் தோளும் பிடித்துக்கொண்டன, எக்ஸ்ரேயில் எலும்பு சரி என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நட்டஈடு உண்டா, கேட்டால் நண்பரின் காப்புறுதிக் கட்டணம் ஏறிவிடுமா என்பது உங்கள் கேள்வி.

கட்டணத்தை முதலில் முடித்துவிடுவோம். நின்ற காரைப் பின்னால் வந்து இடித்தால் தவறு இடித்தவருடையது; அதற்கு இந்த மாகாணத்தில் எழுதிவைத்த விதியே இருக்கிறது. தவறில்லாத ஓட்டுநரின் கட்டணத்தை அந்த விபத்தைக் காட்டி ஏற்ற முடியாது. ஆகவே "பாவம், அவனுக்கு ஏன் கரைச்சல்" என்று நோவை மறைக்க வேண்டாம். எங்கள் ஆட்களில் பலர் அப்படி இருந்துதான் வாய்ப்பை இழக்கிறார்கள்.

இங்கே இரண்டு தனி வழிகள் உள்ளன. ஒன்று, யார் தவறென்று பார்க்காமல் காப்புறுதி கொடுக்கும் விபத்துப் பலன்கள்: சிகிச்சை, வருமான இழப்பு போன்றவை. உங்கள் பெயரிலோ துணைவியின் பெயரிலோ பொலிசி இருந்தால் அங்கே கேட்க வேண்டும்; இல்லாவிட்டால் நீங்கள் ஏறியிருந்த காரின் காப்புறுதியிடம். மற்றது, இடித்தவர்மேல் போடும் வழக்கு. ஊரில் எல்லோரும் "கேஸ், கேஸ்" என்று கதைப்பது இரண்டாவதை. உங்களுக்கு இப்போது வேண்டியது முதலாவது.

அந்த முதலாவதில் எல்லாமே காயம் எந்தப் பெட்டிக்குள் விழுகிறது என்பதில்தான் இருக்கிறது. சுளுக்கு, தசைப்பிடிப்பு, கழுத்து வெட்டி இழுத்ததால் வரும் நோவு, கன்றல், சிராய்ப்பு எல்லாம் "சிறு காயம்". சிகிச்சைக்கு மொத்தம் 3,500 டொலர்தான். அதற்கு வெளியே போனால் 65,000 டொலர் வரை உண்டு. முள்ளந்தண்டு வடம் சேதமாகிக் கைகால் செயலிழப்பது, கடுமையான மூளைக் காயம் போன்ற பேரிழப்புக்கு 10 இலட்சம். பெரும்பாலான பின்-இடி விபத்துகள் முதல் பெட்டியிலேயே முடிந்துவிடுகின்றன. நோ எவ்வளவு என்பதைவிட அது என்ன வகை என்பதுதான் பெட்டியை மாற்றும்.

அதனால் வைத்தியரிடம் எப்படிச் சொல்கிறோம் என்பது முக்கியம். எங்களுக்கு ஒரு பழக்கம்: "கொஞ்சம் நோகுது டொக்டர், பரவாயில்லை." அவர் அப்படியே எழுதிவிடுவார், ஒரு வருடம் கழித்து காப்புறுதிக்காரர் அந்த வரியைத்தான் எடுத்து நீட்டுவார். உள்ளதை உள்ளபடி வடிவாகச் சொல்லுங்கள். தலையை இடப்பக்கம் திருப்பினால் தோளிலிருந்து சுண்டுவிரல் வரை விறைக்கிறதா? கையில் பிடித்த தேநீர்க் கோப்பை நழுவுகிறதா? அது வெறும் தசைப்பிடிப்பாக இல்லாமல் நரம்புச் சிக்கலாக இருக்கலாம். வைத்தியர் சோதித்து அதை எழுதினால் கதையே வேறு. கூட்டிச் சொல்லவும் வேண்டாம். அதுவும் பிடிபடும்.

தலை எங்கும் முட்டாமலே மூளை குலுங்கலாம். ஸ்கேன் சுத்தமாக இருக்கும், ஆனால் வெளிச்சம் குத்தும், பஸ்ஸின் இரைச்சல் தாங்காது, வாசித்த பக்கம் மறந்துபோகும். இது சிறு காயப் பெட்டிக்குள் அடங்காது. காரில் ஏறவே நெஞ்சு படபடப்பதும், நித்திரை இல்லாமல் போவதும் உளவியலாளர் உறுதிப்படுத்தினால் அப்படியே. "மனசு சரியில்லை" என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முன்பே இருந்த முதுகு நோ விபத்தால் ஆறாமல் போகும் என்றால் அதுவும் பெட்டியை மாற்றலாம். ஆனால் விபத்துக்கு முன்னரே ஒரு வைத்தியரின் கோப்பில் அது இருந்திருக்க வேண்டும். (சீட் பெல்ட் பட்ட இடத்தில் வயிற்றில் நீலம் பாரித்து, நோ கூடிக்கொண்டு போனால் நட்டஈட்டை மறந்துவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.)

அப்புறம், சிகிச்சைக்குப் போகும் கிளினிக். இடிபட்ட காரை இழுத்துப்போகும் டோ ட்ரக்காரரோ தெரிந்த ஒருவரோ அட்டை தந்து "எல்லாம் நாங்கள் பார்க்கிறோம்" என்றால் விலகி நில்லுங்கள். நல்ல கிளினிக்குகள் நிறைய இருக்கின்றன. ஆனால் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிற இடம் நல்ல இடமல்ல. போகாத நாளுக்கும் வந்ததாகப் பில் போடுவார்கள். அந்த 3,500 கரைந்துபோகும். பிடிபட்டால் கையெழுத்து உங்களுடையது.

வருமான இழப்புக்கு மொத்தச் சம்பளத்தில் 70 வீதம், வாரத்துக்கு அதிகபட்சம் 400 டொலர். முதல் வாரத்துக்கு ஒன்றுமில்லை. வரி அலுவலகத்துக்குக் காட்டாத, கையில் வாங்கும் காசு கணக்கில் வராது. 2026 ஜூலை 1 முதல் எடுக்கும் அல்லது புதுப்பிக்கும் பொலிசிகளில் இந்தப் பங்கே கட்டாயமில்லை. பொலிசி எடுப்பவர் தெரிந்தெடுத்தால்தான் உண்டு. ஆகவே பொலிசி எடுத்த அல்லது புதுப்பித்த திகதி எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். நாளைக்கு நீங்கள் கார் வாங்கும்போதும் மலிவு என்று அதை வெட்டிவிட வேண்டாம்.

வழக்கைப் பற்றி நான் அதிகம் நம்பிக்கை தரமாட்டேன். நோவுக்கும் வேதனைக்கும் பணம் கேட்க, முக்கியமான உடல் அல்லது மனச் செயற்பாடு ஒன்று நிரந்தரமாக, பாரதூரமாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி வென்றாலும் சிறிய தொகைகளில் 46 ஆயிரம் டொலருக்கும் மேல் சட்டப்படி கழிப்பார்கள். அந்தக் கழிவும் ஆண்டுதோறும் ஏறுகிறது. 60 ஆயிரம் தீர்ப்பானால் மிஞ்சுவது 14 ஆயிரத்துக்கும் குறைவு, அதிலும் சட்டத்தரணிக்குப் பங்கு. ஆறு மாதத்தில் மாறிவிடும் கழுத்து நோவுக்கு இது ஒத்துவராது. விறைப்பு நிற்காவிட்டால் இரண்டு வருடக் கெடுவுக்குள் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள். முதல் சந்திப்பைப் பலர் இலவசமாகவே தருகிறார்கள்.

காப்புறுதி நிறுவனம் தன் வைத்தியரிடம் பரிசோதனைக்கு அனுப்பலாம். போகாவிட்டால் பலனை நிறுத்த முடியும். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். நண்பரைக் கூட்டிப்போய் சமாளிக்க வேண்டாம்.

விபத்தை ஏழு நாளைக்குள் அறிவிக்க வேண்டும், அவர்கள் அனுப்பும் படிவங்களை 30 நாளைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏழு நாள் தாண்டியிருந்தாலும் விடாதீர்கள். நியாயமான காரணம் சொன்னால் ஏற்பார்கள். நண்பரிடம் பொலிசி இலக்கத்தை வாங்கி இன்றைக்கே அழையுங்கள். கதைத்தவரின் பெயரையும், தரும் கோரிக்கை இலக்கத்தையும் குறித்துவையுங்கள். இனி வரும் எல்லாக் கடிதத்திலும் அதைத்தான் கேட்பார்கள்.