ஃபிராக்கிங் விதிமுறைகள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பல வருடம் எரிவாயுக் கிணறுகளில் சிமென்ட் இறக்கிய ஆள் நான். அப்புறம் அனுமதிக் கோப்புகளும் பார்த்தேன். ஷேல் என்னும் இறுகிய களிப்பாறையை அழுத்தமான தண்ணீரால் உடைத்து எரிவாயு எடுப்பதுதான் ஃபிராக்கிங்; அதற்கான சுற்றுச்சூழல் விதிகளைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: சார், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் உடைக்கும் விரிசல் மேலே ஏறிக் குடிநீரில் கலக்காதா?

பதில்: அவ்வளவு தூரம் ஏறுவது அரிது, நடுவில் அத்தனை பாறை கிடக்கிறது. கோளாறு பெரும்பாலும் குழாயின் ஓரத்தில்தான். இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் இடையிலுள்ள இடுக்கைச் சிமென்ட் அடைக்க வேண்டும்; அது சரியாகப் பிடிக்காவிட்டால் வாயு அந்த இடுக்கு வழியாகவே மேலே வரும். பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒலிக் கருவியை உள்ளே இறக்குவோம். சிமென்ட் பிடிக்காத குழாய் வெண்கலப் பாத்திரம்போல் கணீரென்று அதிரும், பிடித்த குழாயில் சத்தம் மந்தமாகும். அந்தப் பதிவைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடும் அதிகாரி இருக்கும் இடத்தில் எந்த விதி இருந்தும் பிரயோஜனமில்லை.

கேள்வி: அமெரிக்காவில் ஃபிராக்கிங்குக்குச் சட்டமே இல்லையாமே?

பதில்: பாதி உண்மை. 2005 எரிசக்திச் சட்டம், குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலத்தடிச் செலுத்தல் விதிகளிலிருந்து ஃபிராக்கிங்குக்கு விலக்குக் கொடுத்தது. ஆனால் உடைக்கச் செலுத்தும் திரவத்தில் டீசல் கலந்தால் விலக்கு கிடையாது. கழிவுநீரைப் புதைக்கும் கிணறுகளுக்கும் கிடையாது. மீதி மாநிலங்களின் கையில்: நியூயார்க் தடை செய்துவிட்டது, பக்கத்துப் பென்சில்வேனியா தோண்டுகிறது.

கேள்வி: எங்கள் பக்கம் எரிவாயுக் கிணறு தோண்டப் போகிறார்கள். என்ன செய்வது?

பதில்: இன்றே உங்கள் தண்ணீரைப் பரிசோதியுங்கள், மீத்தேனையும் சேர்த்து. தோண்டியபின் எடுத்த முடிவை மட்டும் வைத்து நிரூபிப்பது கஷ்டம். பென்சில்வேனியாவின் 2012 சட்டப்படி, கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்த 12 மாதத்துக்குள் தண்ணீர் கெட்டால் பழி கம்பெனி மேல்தான். முன்பே கெட்டிருந்தது என்று காட்டினால் தப்பிக்கலாம். அதனால் அங்கே கம்பெனிகளே முந்திக்கொண்டு பரிசோதிக்கும்.

கேள்வி: இந்தக் கம்பெனிகளின் பங்கு வாங்கலாமா?

பதில்: இடம் மாறி வந்துவிட்டீர்கள்.

கேள்வி: விரிசல் வழியாகக் குடிநீர் கெடுமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் வந்த நிலநடுக்கம் ஃபிராக்கிங்கால்தானே?

பதில்: 2016-ல் அங்கே பாவ்னி ஊர் அருகே வந்தது, அளவு 5.8. அது பாறையை உடைத்ததால் வந்ததல்ல. எண்ணெயோடு மேலே வரும் உப்புநீரைத் திரும்ப ஆழத்தில் செலுத்தினார்கள், அழுத்தம் ஏறிப் பழைய பிளவு நழுவியது.

மறுப்பு: ஐயா, அப்படியானால் இங்கிலாந்து? பிரெஸ்டன் நியூ ரோடு என்ற ஃபிராக்கிங் தளத்தில் 2019-ல் 2.9 அளவு நடுக்கம் வந்ததே, அங்கே ஏது கழிவுக் கிணறு?

பதில்: சரி, அது உடைத்ததால்தான். அந்த வருடம் நவம்பரிலேயே இங்கிலாந்து ஃபிராக்கிங்கை நிறுத்தி வைத்தது. ஆனால் 2.9 எங்கே, 5.8 எங்கே?

மறுப்பு: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2015-ல் 4.6. அதுவும் ஃபிராக்கிங்தான் என்று அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையமே சொன்னது.

பதில்: மடக்கிவிட்டீர்கள். 'எப்போதும் கழிவுநீர்தான்' என்று நினைப்பது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த அளவு நடுக்கம் வந்தால் வேலையை நிறுத்துவது என்ற எல்லைக்கோடு எங்கே என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். இங்கிலாந்தில் ஃபிராக்கிங் நடந்தபோது 0.5 வந்தாலே வேலையை நிறுத்த வேண்டியிருந்தது, கனடாவில் ஆல்பர்ட்டாவின் ஃபாக்ஸ் கிரீக்கில் 4.0 வரும்வரை நிறுத்தச் சொல்லும் சிவப்பு விளக்கு எரியாது. வெளிப்படும் ஆற்றலில் இந்த இரண்டுக்கும் ஒன்றரை லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒன்று லாரி போனாலும் பதறும் விதி, மற்றது அலமாரி ஆடும்வரை காத்திருக்கும் விதி. பக்கத்தில் எத்தனை வீடு இருக்கிறது என்று பார்த்துத்தான் கோடு போட முடியும்.

கேள்வி: சார், வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தீப்பிடிக்கிறது. ஃபிராக்கிங்தானே காரணம்?

பதில்: இருக்கலாம். எரிவாயுவுக்குத் தோண்டாத இடத்திலும் தண்ணீர்க் கிணற்றில் மீத்தேன் இருப்பதுண்டு. ஆழத்து வாயுவா, மேல்மட்டத்து வாயுவா என்று ஐசோடோப்புச் சோதனை, அதாவது வாயுவிலுள்ள அணுக்களின் எடை வேறுபாட்டைப் பார்க்கும் சோதனை, ஓரளவு காட்டிக்கொடுக்கும். தோண்டுவதற்கு முன் எடுத்த பரிசோதனை அறிக்கை வைத்திருக்கிறீர்களா?