வாகன மேடை: பழைய டீசல் காரும் மீட்டர் சொல்லாத கணக்கும்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், அலுவலகம் ஒயிட்ஃபீல்டில். மாதம் இருமுறை வேலூருக்குப் போய்ப் பெற்றோரைப் பார்த்து வருவேன். ஓசூரில் தெரிந்தவர் ஒருவர் 1,30,000 கிலோமீட்டர் ஓடிய, 2014-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டீசல் காரை விற்கிறார். அதே ஆண்டு, அதே மாடல் கார் ஒன்றை இங்குள்ள தரகர் காட்டுகிறார். அது 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஆனால் விலை அறுபதாயிரம் ரூபாய் கூடுதல். எதை வாங்கலாம்? இந்த வண்டியில் அடிக்கடி பழுதாகும் பாகங்கள் எவை?

பதில்: குறைவாக ஓடிய வண்டியே நல்ல வண்டி என்ற கணக்கு, பெங்களூருக்குள்ளேயே ஓடிய டீசல் காருக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. சில்க் போர்டு சந்திப்பிலும் மாரத்தஹள்ளியிலும் முதல் இரண்டு கியர்களிலேயே ஊர்ந்து பழகிய காரின் இன்ஜின், மீட்டர் காட்டும் தூரத்துக்குப் பொருத்தமில்லாத அளவுக்கு அதிக நேரம் இயங்கியிருக்கும். ஓசூர் வண்டி நெடுஞ்சாலையில் ஓடியதுதானா, இன்ஜின் எண்ணெய் மாற்றிய ரசீதுகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்பதை முதலில் விசாரியுங்கள். இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால், நான் அதன் பக்கமே சாய்வேன்.

இந்தக் காரில் இருப்பது ஃபியட் உருவாக்கிய 1,248 சி.சி. மல்டிஜெட் இன்ஜின். புன்ட்டோ, இண்டிகா விஸ்டா, ரிட்ஸ் எனப் பல கார்களிலும் இது இடம்பெற்றதால், 'தேசிய இன்ஜின்' என்று கேலியாகச் சொல்லுமளவுக்குப் பரவியது, ஜே.சி. ரோடு கடைகளில் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. இன்ஜின் அடிப்படையில் உறுதியானது. தொல்லை தருபவை அதைச் சுற்றியுள்ள பாகங்கள்தான்.

முதலாவது கிளட்ச். இந்த இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றுகளை (ஆர்.பி.எம்.) நெருங்கும்போதுதான், அதற்குள் கூடுதல் காற்றைச் செலுத்தும் டர்போ முழுமையாக உயிர் பெறுகிறது; அதற்குக் கீழே இழுவை போதாமல், நெரிசலில் ஓட்டுபவர்கள் பாதிக் கிளட்ச்சிலேயே வண்டியை நகர்த்தப் பழகிவிடுகிறார்கள். ஆகவே நகரத்து வண்டியில் கிளட்ச் தட்டு சீக்கிரம் தேய்கிறது. சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், கைப்பிரேக்கை இழுத்துவிட்டு நான்காவது கியரைப் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற முடியும் என்பதால், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்கத் தயங்க வேண்டாம்.

அடுத்தது டைமிங் செயின், அதாவது வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி. செயின் என்பதால் ஆயுள் முழுவதும் கவனிக்கவே தேவையில்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்கிறது. எண்ணெயை மாற்றாமல் நாள் கடத்தினாலோ, அளவு குறைந்த நிலையில் ஓட்டினாலோ, செயின் தளர்ந்து, பல் தாண்டி, வால்வுப் பகுதியையே சேதப்படுத்திவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, முந்தைய இரவிலிருந்து ஓடாத வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து பார்ப்பதாகும். முதல் சில நொடிகளில் செயின் பக்கத்திலிருந்து கடகடவென்ற ஓசை எழுந்து பிறகு அடங்கினால், எச்சரிக்கையாக இருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே விற்பவர் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவது நல்லது. எண்ணெய் கறுப்பாக இருப்பதைக் கண்டு மட்டும் மிரள வேண்டாம். டீசல் இன்ஜினில் புதிய எண்ணெயும் சில நாள்களிலேயே கறுத்துவிடும்.

குறுகிய தூரம் ஓடி அணையும் வண்டிகளில், புகையின் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்து, இழுவை குறைந்து, கரும்புகை வரும். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகக்கூடிய குறைதான். சில மெக்கானிக்குகள் தகடு வைத்து அடைத்துவிடுவார்கள். அப்படி அடைத்த வண்டியை நான் வாங்கமாட்டேன், ஏனெனில் அதைச் செய்தவர் வேறு எதையெல்லாம் மூடி மறைத்திருப்பாரோ என்ற ஐயம் வந்துவிடும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. டர்போவையும் சோதிக்கச் சொல்லுங்கள். டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயினுள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு, தேங்கி நின்றால் டர்போவின் சீல் போயிருக்கலாம். சஸ்பென்ஷனில் உள்ள லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட் ஆகியவை நம் வேகத்தடைகளில் தேயத்தான் செய்யும், பெரிய செலவில்லை.

தரகரின் வண்டியைப் பற்றி இன்னொன்று. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், எமலூர்ப் பகுதிகளில் கார்கள் வெள்ளத்தில் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சீட் பெல்ட்டை இறுதிவரை இழுத்து, சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் துருவையும் தேடுங்கள். நீர் புகுந்த டீசல் இன்ஜினை அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளைந்திருக்கவும் வாய்ப்புண்டு.

கேள்வி: ஸ்விஃப்ட்டுக்குப் பதிலாக ஃபோர்டு ஃபிகோ 1.4 டீசல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (ஜாலஹள்ளி வாசகர்)

பதில்: ஓட்டுவதற்கு நல்ல கார். ஆனால் அதில் செயினுக்குப் பதிலாக இருப்பது ரப்பரால் ஆன டைமிங் பெல்ட். கிலோமீட்டர் வரம்பு ஒருபுறமிருக்க, ஆண்டுக்கணக்கிலும் அதற்கு வயதாகும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொண்டு, வாங்கிய வாரத்திலேயே பெல்ட், ரோலர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஃபோக்ஸ்வாகன் போலோ 1.5 டீசலுக்கும் இதே அறிவுரைதான். ஃபோர்டு நிறுவனம் 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதால், வாங்குவதற்கு முன் உதிரிபாகம் கிடைப்பதை உங்கள் மெக்கானிக்கிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: டி.என்.-70 எண்ணுள்ள ஓசூர் காரைப் பெங்களூரில் அப்படியே ஓட்டலாமா? (பொம்மனஹள்ளி வாசகர்)

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலத்தின் பதிவெண்ணைப் பெற வேண்டும். இதற்கு ஓசூர் ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையின்மைச் சான்று தேவை. வங்கிக் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததைப் பதிவுச் சான்றிலும் நீக்கியிருக்க வேண்டும். வண்டியின் வயதுக்கேற்பக் கர்நாடகத்தில் ஆயுட்கால வரியும் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், அந்தத் தொகையை முன்பே கேட்டறிந்து, அதையும் சேர்த்து விலை பேசுங்கள். 2014-இல் பதிவான காரின் பதிவு 2029-இல் முடிவடையும். அதன் பின் தகுதிச் சோதனையில் தேறினால்தான் புதுப்பிக்க முடியும்.