ஒட்டுத்துணிப் போர்வை: முதன்முறை தைப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: சட்டை, பாவாடை வரை தைக்கத் தெரியும். குவில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வையை இதுவரை தைத்ததில்லை. எந்த அளவில், எந்த டிசைனில் தொடங்கலாம்?

பதில்: குழந்தைப் போர்வை அளவில் தொடங்குங்கள். 36-க்கு 45 இஞ்ச் போதும். கட்டில் அளவுப் போர்வையை முதலில் எடுத்தால், முகப்பு, நடுப்பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் கட்டத்தில் அந்தக் கனத்தை மெஷினுக்குள் நுழைக்க முடியாமல் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். டிசைனும் வெறும் சதுரங்களாகவே இருக்கட்டும். நட்சத்திரமும் முக்கோணமும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் முக்கோணத்தின் ஒரு பக்கம் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வருவதால், கை பட்டாலே இழுபடும். அவற்றை இரண்டாவது போர்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இதுதான். சதுரத்தை 5 இஞ்சாக வெட்டினால், நான்கு பக்கமும் தையலுக்குக் கால் இஞ்ச் போய் நாலரை இஞ்ச் நிற்கும். குறுக்கே 8, நெடுக்கே 10 என மொத்தம் 80 சதுரம். 44 இஞ்ச் அகலத் துணியில் ஓரக்கரையை நீக்கினால் சுமார் 42 இஞ்ச் கிடைக்கும். அதில் 5 இஞ்ச் பட்டை ஒன்றுக்கு 8 சதுரம். ஆக 10 பட்டை வேண்டும். இரண்டே நிறம் என்றால், நிறத்துக்கு முக்கால் மீட்டர் வாங்கினால் போதும். அடித்துணி எல்லாப் பக்கமும் 2, 3 இஞ்ச் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால் அதற்கு ஒன்றரை மீட்டர்.

கேள்வி: வீட்டில் பழைய துணி நிறைய இருக்கிறது. அதைப் புதுத் துணியோடு கலந்து தைக்கலாமா? துவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டுமா?

பதில்: கலக்கலாம், இரண்டும் ஒரே கனத்தில் இருந்தால். நைந்த மெல்லிய துணியைப் புது கெட்டித் துணியோடு சேர்த்தால், சில துவையலுக்குள் மெல்லியதுதான் தையலை ஒட்டிக் கிழியும். பழைய துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். இழைகள் விலகி இடைவெளி தெரிந்தால் அந்தப் பகுதி வேண்டாம். பனியன் துணி போல இழுபடும் ரகத்தையும், வழுக்கும் சிந்தெடிக்கையும் முதல் முயற்சியில் தொடாதீர்கள். நூறு சதவீதப் பருத்திதான் இஸ்திரிக்கு அடங்கும்.

பழையது ஏற்கெனவே சுருங்கியிருக்கும். புதியது இனிமேல்தான் சுருங்கும். அதனால் கலந்து தைப்பதென்றால் புதியதைக் கட்டாயம் துவைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். எல்லாமே புதுத் துணி என்றால் துவைப்பதும் துவைக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் பாதியைத் துவைத்து மீதியை விட்டுவிடக் கூடாது. அடர் சிவப்பு, கருநீலம் இரண்டையும் மட்டும் விடாமல் சோதியுங்கள். நனைத்த துணியின் மேல் வெள்ளைத் துணியை வைத்து அழுத்துங்கள். கறை ஏறினால் அது போர்வையிலும் ஏறும்.

கேள்வி: மூணரை இஞ்ச் சதுரம் ஒன்பதைச் சேர்த்து ஒரு கட்டம் தைத்தேன். ஒன்பதரை இஞ்ச் வர வேண்டியது ஒன்பதே கால்தான் வந்தது. அடுத்தது ஒன்பதரைக்கும் மேலே போய்விட்டது. மூலைகளும் சேரவில்லை. வெட்டியது சரியாகத்தான் இருந்தது.

பதில்: வெட்டு சரி என்றால் தையல் மார்ஜினைத்தான் பார்க்க வேண்டும். கால் இஞ்சுக்குப் பதிலாக, இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே தைத்தாலும் ஒரு தையலின் இருபுறத் துணியும் குறையும். அதாவது தையலுக்கு எட்டில் ஒரு பங்கு. உங்கள் கட்டத்தில் ஒரு திசையில் இரண்டு தையல். சரியாகக் கால் இஞ்ச் காணாமல் போகிறது. எல்லாக் கட்டமும் ஒரேபோல ஒன்பதே காலாக வந்திருந்தால்கூட ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். போர்வை சற்றுச் சிறியதாகும், அவ்வளவுதான். கட்டத்துக்குக் கட்டம் மாறுவதுதான் மூலைகளைக் கெடுக்கிறது.

சட்டை தைப்பவர்கள், துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் புட்டின் ஓரத்தைத் துணியின் ஓரத்தோடு ஒட்டி ஓட்டிப் பழகியிருப்பார்கள். எல்லா மெஷினிலும் அது கால் இஞ்ச் ஆகாது. ஸ்கேலைப் புட்டுக்கு அடியில் வைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றி, ஊசி முனை கால் இஞ்ச் கோட்டைத் தொடும்படி நிறுத்துங்கள். ஸ்கேலின் வலது விளிம்பை ஒட்டி, துணியைத் தள்ளும் பல்லை மறைக்காமல், அதற்கு முன்னால் இரண்டு மூன்று அடுக்கு டேப் ஒட்டிவிடுங்கள். இனி கண் ஊசியைப் பார்க்க வேண்டாம். துணி அந்த டேப்பை உரசிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள்.

பிறகு ஒரு சோதனை. ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் தைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை மிகச் சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் டேப்பை ஒரு நூலிழை அளவு ஊசிப் பக்கம் நகர்த்துங்கள். டேப்பைச் சரியாக ஒட்டியும் பலருக்குக் குறையத்தான் செய்யும், ஏனென்றால் துணி மடங்கும் இடம் ஓரிரு இழையைத் தின்றுவிடுகிறது. அந்த 1 இஞ்ச் வராமல் போர்வைத் துணியைத் தொட வேண்டாம் என்று வற்புறுத்தியே சொல்கிறோம்.

மூலை சேர இன்னொரு வழக்கமும் வேண்டும். தையலை இஸ்திரி போடும்போது முதல் வரிசையில் எல்லா மார்ஜினையும் இடப்பக்கமும், இரண்டாம் வரிசையில் வலப்பக்கமும் சாயுங்கள். இரு வரிசையையும் முகத்தோடு முகம் வைத்தால் இரண்டு மேடும் எதிரெதிரே வந்து பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் ‘டக்’கென்று உட்காரும் இடம் தெரியும். அங்கே ஒரு குண்டூசி போதும். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தி எடுங்கள், தேய்த்து இழுக்காதீர்கள். இழுத்தால் வரிசை வில்லாக வளையும்.

கேள்வி: நடுவில் பஞ்சுக்குப் பதிலாகப் பழைய கம்பளி வைக்கலாமா?

பதில்: மெல்லியதாக, துவைத்துத் துவைத்துச் சுருக்கம் நின்றுபோனதாக இருந்தால் வைக்கலாம். கனமானது புட்டுக்கு அடியில் போகாது. உதிரிப் பஞ்சு ஒரு இரண்டு இஞ்சுக்குள் நெருக்கித் தைக்காவிட்டால் மூலைக்கு மூலை உருண்டை கட்டும். தட்டையாக விரித்து விற்கும் பருத்திப் பேட்டிங்தான் முதல்முறைக்கு எளிது. துணியைப் பற்றிக்கொண்டு நகராமல் இருக்கும். தையல்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதை உறையில் அச்சிட்டிருப்பார்கள். இல்லையென்றால் நான்கு இஞ்சைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தபோது மேலே அழகாக இருந்தது. திருப்பினால் அடித்துணி முழுக்கச் சுருக்கம்.

பதில்: மெஷினின் பல் அடித்துணியைப் பின்னே இழுக்கிறது; புட் மேல்துணியை முன்னே தள்ளுகிறது. அடுக்குகள் ஒன்றையொன்று விட்டு நகர்வதால் வரும் சுருக்கம் இது. அடித்துணியை முகம் கீழாகத் தரையில் விரித்து, ஓரங்களைச் சுருக்கமின்றி டேப்பால் ஒட்டுங்கள். விறைப்பாக இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும். மேலே பேட்டிங், அதற்கு மேல் தைத்த முகப்பு. நடுவிலிருந்து வெளியே, நான்கு இஞ்சுக்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்துங்கள். இந்த அளவுக்கு ஏறக்குறைய நூறு பின் பிடிக்கும். பத்து இருபதில் முடித்துவிடலாம் என்று நினைக்கும் இடத்தில்தான் சுருக்கம் தொடங்குகிறது.

மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் ‘வாக்கிங் ஃபுட்’ கிடைத்தால் போடுங்கள். தையல் நீளம் 3 மில்லிமீட்டர். முதல் கோடு நட்ட நடுவில். போர்வை மேஜையிலிருந்து தொங்கினால் அதன் எடையே தையலைக் கோணலாக்கும். பக்கத்தில் ஒரு நாற்காலியாவது போட்டுத் தாங்குங்கள். மெஷினில் வரவே இல்லையென்றால், ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் மூலையிலும் கெட்டி நூலால் முடிச்சுப் போட்டும் போர்வையை முடிக்கலாம்.

கேள்வி: ஓரப்பட்டைக்குத் துணி பாதியில் தீர்ந்துவிட்டது. எப்படிக் கணக்கிடுவது? கிராஸாக வெட்ட வேண்டுமா?

பதில்: நேரான ஓரத்துக்குக் கிராஸ் வேண்டாம். நான்கு பக்கத்தையும் கூட்டி 12 இஞ்ச் சேருங்கள். 36-க்கு 45 என்றால் 162-உம் 12-உம் 174. இரண்டரை இஞ்ச் அகலப் பட்டை ஐந்து, அதாவது பன்னிரண்டரை இஞ்ச் துணி. பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தையுங்கள். மூலைக்குக் கால் இஞ்ச் முன்பே நிறுத்தி, பட்டையை மேலே மடித்து, மறுபடி கீழே மடித்து, அடுத்த பக்கத்தை விளிம்பிலிருந்து தொடங்குங்கள். கடைசி வரை ஓட்டிவிட்டால் மூலை மடங்காது.

கேள்வி: மெஷின் இல்லை. கையால் முடியுமா?

பதில்: தாராளமாக. துணியின் பின்புறம் கால் இஞ்ச் உள்ளே பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே ஓட்டுத்தையல் போடுங்கள். இஞ்சுக்கு எட்டுத் தையலுக்குக் குறைய வேண்டாம். கோட்டின் மூலைப் புள்ளியிலிருந்து அடுத்த மூலைப் புள்ளி வரை மட்டும் தையுங்கள், விளிம்பு வரை போக வேண்டாம். நான்கைந்து தையலுக்கு ஒருமுறை பின்தையல் ஒன்று போட்டால், நூல் எங்காவது அறுந்தாலும் பிரிவது அந்த நான்கு தையலோடு நின்றுவிடும்.